கல்லச்சில் பிறந்த தெய்வங்கள்

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்சாலைப் பக்கங்களில் ஆயுத பூசை வந்தால், லட்சுமி, சரஸ்வதி படங்களுக்கு மாலை போட்டு யந்திரத்துக்கும் பொட்டு வைக்கின்றார்கள். கேட்டால், அநாதி காலத்துத் திருவுருவம் என்கின்றார்கள். அந்த அநாதிக்கு வயதென்ன?

இந்தச் சாயலை வீட்டுக்கு வீடு பரப்பியவர் 1848-ல் கிளிமானூரில் பிறந்த ராஜா ரவிவர்மா. ராஜாக்கள், தனவான்கள் வீட்டுப் பெண்களை எழுதிப் பழகிய கை அவருடையது. அதே கைதான் உயிருள்ள பெண்ணைப் பார்த்து எழுதி, புடவை கட்டி, நகை பூட்டி, மேலும் இரண்டு கைகளை ஒட்டவைத்து, யாரும் கண்டிராத தாமரைக் குளத்தில் நிறுத்தி லட்சுமியாக்கிற்று. 1894-ல் பம்பாயில் அச்சுக்கூடம் வைத்தார். ஜெர்மன் யந்திரம், ஜெர்மன் நிபுணர். வர்ணத்துக்கு ஒரு கல்லாக மாற்றி மாற்றி அச்சிட்டுக் கடைக்கு அனுப்பினார்கள்.

ஓவியரின் திறமையை நாம் குறை கூறவில்லை. "கோவிலுக்குள் விடப்படாதவனுக்கும் படம் சாமியைக் கொடுத்ததே" என்பார்கள். உள்ளே விடாததேன் என்று கேட்கவேண்டியவனைக் காகிதம் கொடுத்துச் சமாதானம் செய்ததல்லவா அது?

கல்வித் தெய்வம் கடைதோறும் விற்ற அந்நாளில், 1901-ம் வருஷ ஜனக்கணக்குப்படி, இந்தியப் பெண்களில் நூற்றுக்கு ஒருவருக்குக்கூட எழுத்து வாசனை இல்லை. இன்று ஒரகடத்தில் வேலைக்கு வரும் பெண் படித்திருப்பது பள்ளிக்கூடத்தாலா, படத்தாலா?

தோழர்களே! படத்தை அச்சடித்தவனும் தொழிலாளி, அதைக் கும்பிடுகிறவனும் தொழிலாளி. தன் கை செய்ததைத் தானே கும்பிடுகிறவன், அந்தக் கைக்குரிய கூலியை நிமிர்ந்து கேட்பது எப்படி?