குளிருக்குப் பழியில்லை, ஊசிக்கே பழி

மார்கழி பிறந்துவிட்டால் பெங்களூரில் இரண்டு பேச்சுகள் தவறாமல் எழும். இவ்வாண்டைப் போல் குளிர் எவ்வாண்டும் இருந்ததில்லை என்பது ஒன்று. நேற்றுவரை நன்றாக இருந்த நாற்பது வயதுக்காரர் திடீரென மாண்டார், அவர் கொரோனா ஊசி போட்டவர் என்பது மற்றொன்று. லால்பாக்கில் காலை நடை செல்வோரிடமும், மல்லேஸ்வரம் சந்தை வாசலிலும், பல்கலைக்கழகத் தேநீர்க் கடைகளிலும் இவ்விரண்டும் அடுத்தடுத்தே பேசப்படுகின்றன. ஆயினும் ஒன்றோடொன்று தொடர்புடையனவாக எவரும் அவற்றைக் கருதுவதில்லை. குளிரைப் பற்றிய பேச்சு பொழுதுபோக்காகவும், ஊசியைப் பற்றிய பேச்சு குற்றப்பத்திரிகையாகவும் அமைந்துவிடுகின்றன. உயிர்களைப் பறிப்பதில் எதன் பங்கு பெரிது என்று சான்றுகளை வைத்துக் கேட்டால், இவ்வரிசை தலைகீழாக மாறும்.

முதலில் குளிர். பெங்களூரில் பதிவான மிகக் குறைந்த வெப்பநிலை 7.8 பாகை செல்சியஸ். அது 1884-ஆம் ஆண்டு சனவரியில் பதிவானது. இன்றைய குளிர்காலக் காலைகள் பெரும்பாலும் 15 பாகையை ஒட்டியே நிற்கின்றன. வடநாட்டார் இதைக் கேட்டுச் சிரிப்பர். அச்சிரிப்பு பொருத்தமற்றது. 2015-இல் 'லான்செட்' இதழில் 13 நாடுகளின் ஏறத்தாழ 7.4 கோடி மரணங்களை ஆராய்ந்த கட்டுரை ஒன்று வெளிவந்தது. பொருந்தா வெப்பநிலையோடு தொடர்புடைய மரணங்களில் மிகப் பெரும்பகுதி குளிரால் நேர்ந்தவை என்று அது காட்டியது: மொத்த மரணங்களில் குளிரின் பங்கு 7.29 விழுக்காடு, வெப்பத்தின் பங்கு 0.42 விழுக்காடு. அவற்றுள்ளும் கடுங்குளிரின் பங்கு சிறிது. மிதமான குளிரின் பங்கே பெரிது. இந்தியாவின் பத்து லட்சம் மரணங்கள் ஆய்வுத் தரவுகளைக் கொண்டு 2018-இல் வெளியான ஆய்வும் இதே திசையைத்தான் சுட்டியது. பனி கொட்டாத, எவரும் பேரிடர் என்று அறிவிக்காத, கம்பளிச் சட்டை ஒன்றோடு கடந்துபோகும் குளிரே மிகுதியான உயிர்களைக் கொள்கிறது.

அது செயற்படும் விதமும் மறைபொருளன்று. குளிரில் தோலை ஒட்டிய இரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. இரத்த அழுத்தம் ஏறுகிறது. இதயம் கூடுதலாக உழைக்கிறது. இரத்தம் உறையும் போக்கு மிகுகிறது. இதன் சுமை எல்லார் மீதும் சமமாக இறங்குவதுமில்லை. அடுக்கக வீட்டில் வெந்நீரில் குளித்துப் புறப்படுபவருக்கு இக்குளிர் ஓர் இன்பம். விடியலில் துடைப்பம் ஏந்தித் தெருவில் நிற்கும் பௌரகார்மிகருக்கும், கட்டுமானத் தளத்தின் தகரக் கொட்டகையில் உறங்கும் ராய்ச்சூர்த் தொழிலாளிக்கும், இரவெல்லாம் இருசக்கர வண்டியில் உணவு கொண்டுசெல்லும் இளைஞருக்கும் அது உடல்மீது சுமத்தப்படும் வேலை. இவர்களில் ஒருவர் இறந்தால், குளிர் என்று எந்தச் சான்றிதழிலும் எழுதப்படுவதில்லை.

இனி ஊசி. 2025 சூன் மாதத்தில் ஹாசன் மாவட்டத்தில் அடுத்தடுத்து நேர்ந்த திடீர் மரணங்கள் கர்நாடகத்தை உலுக்கின. ஒரு மாதத்தில் இருபதுக்கும் மேற்பட்டோர் மாரடைப்பால் இறந்தனர் என்று செய்தி பரவிற்று. சூலை 1 அன்று முதலமைச்சர் சித்தராமையா, கொரோனா தடுப்பூசிக்கு அவசரமாக ஒப்புதல் அளித்து மக்களுக்கு வழங்கியதும் இம்மரணங்களுக்கு ஒரு காரணமாக இருக்கலாம் என்னும் பொருள்பட எழுதினார். மறுநாளே மத்திய நலவாழ்வு அமைச்சகம் அதை மறுத்தது. பயோகான் நிறுவனர் கிரண் மஜும்தார் ஷாவும் வெளிப்படையாக மறுத்தார். ஜெயதேவா இதயநோய் மருத்துவமனையின் இயக்குநர் தலைமையில் மாநில அரசே அமைத்திருந்த வல்லுநர் குழுவும் சில நாட்களில், தடுப்பூசிக்கும் இம்மரணங்களுக்கும் தொடர்பு தென்படவில்லை என்று அறிக்கை அளித்தது. அதற்குள் பெங்களூரிலும் மைசூரிலும் ஜெயதேவா மருத்துவமனை வாசல்களில் அச்சத்தோடு வந்தோரின் வரிசை நீண்டுவிட்டது.

முதலமைச்சரின் கூற்றில் உள்ள பிழை, முதலாண்டு மாணவர் திருத்தக்கூடிய பிழை. ஒரு மாநிலத்தில் வயது வந்தோரில் மிகப் பெரும்பாலோர் ஊசி போட்டுக்கொண்டிருக்கையில், எக்காரணத்தால் எவர் இறப்பினும் அவர் ஊசி போட்டவராகவே இருப்பார். ஹாசனில் இறந்தோரில் பெரும்பாலோர் ராகிக் களி உண்டவர்களாகவும் இருந்திருப்பர். எவரும் ராகியைக் குற்றக் கூண்டில் ஏற்றவில்லை. ஊசி போட்டோரிடையே மரணம் நேர்ந்ததா என்பது கேள்வியே ஆகாது. போடாதோரைவிடப் போட்டோரிடையே அது மிகுந்ததா என்பதே கேள்வி. அக்கேள்வியைக் கேட்ட ஆய்வு இந்நாட்டிலேயே உண்டு. சென்னையிலுள்ள தேசியத் தொற்றுநோயியல் நிறுவனம், 19 மாநிலங்களில் 47 மருத்துவமனைகளின் வழியாக, 2021 அக்டோபர் முதல் 2023 மார்ச் வரை திடீரென இறந்த 18 முதல் 45 வயதுக்குட்பட்டோரை, உயிரோடிருப்போருடன் ஒப்பிட்டது. தடுப்பூசி அபாயத்தைக் கூட்டவில்லை. இரண்டு தவணை போட்டோரிடையே அபாயம் குறைவாகவே இருந்தது. அபாயத்தைக் கூட்டியவை வேறு: குடும்பத்தில் முன்பே நேர்ந்த திடீர் மரணம், கொரோனாவுக்காக மருத்துவமனையில் சேர்ந்திருந்தமை, புகைப்பழக்கம், இறப்பதற்கு முந்தைய இரண்டு நாட்களில் அளவு மீறிய குடி, அதே இரண்டு நாட்களில் கடும் உடலுழைப்பு.

தமிழ் வாசகருக்கு இதே கதை முன்பே தெரியும். 2021 ஏப்ரல் 15-இல் சென்னையில் நடிகர் விவேக் ஊசி போட்டுக்கொண்டார், 17-இல் இறந்தார். விசாரித்த தேசியக் குழு, அம்மரணம் ஊசியால் நேர்ந்ததன்று என்று அறிவித்தது அக்டோபரில். இடைப்பட்ட ஆறு மாதங்களில் வதந்தி சேர வேண்டிய இடங்களுக்கெல்லாம் சேர்ந்துவிட்டது. அறிக்கை இன்றுவரை அவ்விடங்களுக்குச் சேரவில்லை.

இத்துடன் நிறுத்திக்கொண்டால், கல்விக்கூடங்கள் வழக்கமாகச் செய்வதை இப்பதிவும் செய்ததாகும். ஐயம் கொள்வோரை மூடர் என்று ஒதுக்கிவிட்டு அறிவியலின் வெற்றியைக் கொண்டாடுவதே அவ்வழக்கம். அது நேர்மையற்றது. ஐயத்துக்கு உண்மையான காரணங்கள் உண்டு. 2021 சனவரி 3 அன்று கோவாக்சினுக்கு ஒப்புதல் அளிக்கப்பட்டபோது அதன் மூன்றாம் கட்டச் சோதனையின் செயற்றிறன் முடிவுகள் வெளிவந்திருக்கவில்லை. கோவிஷீல்டு போட்டோரில் மிக அரிதாக இரத்த உறைவுச் சிக்கல் நேரக்கூடும் என்பதை ஐரோப்பிய மருந்து ஒழுங்குமுறை அமைப்பு 2021 ஏப்ரலிலேயே ஏற்றது. இந்தியக் குழுவும் அவ்வாண்டு மே மாதத்தில் பத்து லட்சம் தவணைக்கு 0.61 என்ற கணக்கை வெளியிட்டது. அந்த எண் மிகச் சிறியது. அதைத் தெருவில் இறங்கி, மக்கள் மொழியில், முன்கூட்டியே சொல்லாமல் விட்டது பெருங்குற்றம். 2024-இல் இலண்டன் நீதிமன்ற ஆவணம் ஒன்றின் வழியாக அச்செய்தி மீண்டும் வந்தபோது, மறைத்து வைத்த உண்மை வெளிப்பட்டது போலவே மக்களுக்குத் தோன்றிற்று.

உச்ச நீதிமன்றமும் 2022 மே 2 அன்று ஜேக்கப் புலியேல் வழக்கில் இரு பக்கமும் பார்த்தே தீர்ப்பளித்தது. தடுப்பூசிக் கொள்கை தன்னிச்சையானதென்று சொல்லிவிட முடியாது; எனினும் எவரையும் கட்டாயப்படுத்தி ஊசி போட இயலாது; சோதனைத் தரவுகள் வெளியிடப்பட வேண்டும்; பக்கவிளைவுகளைத் தனிமனிதரும் தனியார் மருத்துவரும் பதிவுசெய்ய வழி வேண்டும் என்றது. முற்பாதியை மட்டும் ஒரு சாராரும் பிற்பாதியை மட்டும் மறு சாராரும் மேற்கோள் காட்டுகின்றனர்.

இதைவிட வலிய சான்று மலைநாட்டில் உண்டு. 1957-இல் சிவமொக்கா மாவட்டத்தின் கியாசனூர்க் காட்டில் கண்டறியப்பட்ட குரங்குக் காய்ச்சல், குளிர்காலத்தில் தலையெடுத்துக் கோடை வரை நீளும் நோய். அதற்கான தடுப்பூசி பெங்களூர் ஹெப்பாளத்திலுள்ள அரசு நிறுவனத்தில் தயாரானது. பல தவணை, கடும் வலி, ஆண்டுதோறும் ஊக்கத் தவணை என்றிருந்ததால் காட்டோர மக்கள் பலர் அதை மறுத்தனர். அறியாமையால் மறுக்கிறார்கள் என்று சொல்லப்பட்டது. இறுதியில், போதிய பயன் தரவில்லை என்பதால் அத்தடுப்பூசியே 2022-இல் நிறுத்தப்பட்டது. மறுத்தவர்களிடம் எவரும் மன்னிப்புக் கேட்கவில்லை. ஊசியை ஐயுறுவோர் எல்லாரும் அறிவியலின் பகைவர் என்போர், இவ்வரலாற்றை ஒருமுறை படித்துவிட்டுப் பேச வேண்டும்.

ஆகவே ஐயம் குற்றமன்று. ஐயத்தை விசாரிக்கும் ஏற்பாடு இல்லாதிருப்பதே குற்றம். 2020-ஆம் ஆண்டு இந்தியாவில் பதிவான மரணங்களில் மருத்துவர் காரணம் சான்றளித்தவை 22.5 விழுக்காடு மட்டுமே. ஐந்தில் நான்கு பங்குக்குச் சற்றே குறைவான மரணங்கள், காரணம் இன்னதென்று மருத்துவர் எழுதாமலேயே கணக்கில் ஏறுகின்றன. அந்த வெற்றிடத்தில்தான் முதலமைச்சரின் ஊகமும், பக்கத்து வீட்டாரின் ஊகமும், வாட்ஸப் செய்தியும் ஒரே தகுதியோடு குடியேறுகின்றன. குளிர் கொன்றதா, குடி கொன்றதா, கவனிக்கப்படாத இரத்த அழுத்தம் கொன்றதா, முன்பு வந்த கொரோனா கொன்றதா என்று கேட்பாரில்லை. ஊசி ஒன்றே நாளும் நேரமும் குறித்து, கைபேசியில் சான்றிதழோடு நினைவில் நிற்கிறது. ஆதலால் அதன் மீதே பழி விழுகிறது.

இப்பழியில் வருத்தத்துக்குரிய முரண் ஒன்றும் உண்டு. இன்புளுயன்சா உறுதியான முதல் ஏழு நாட்களில் மாரடைப்புக்கான வாய்ப்பு ஏறத்தாழ ஆறு மடங்காகிறது என்று 2018-இல் கனடிய ஆய்வு ஒன்று காட்டிற்று. மாரடைப்பு வந்தோருக்கு உடனே இன்புளுயன்சா தடுப்பூசி போட்டு, வங்கதேசம் உட்பட எட்டு நாடுகளில் நடத்திய சோதனையில், ஓராண்டுக்குள் நேர்ந்த மரணம் 4.9 விழுக்காட்டிலிருந்து 2.9 விழுக்காடாகக் குறைந்தது. அம்முடிவு 2021-இல் வெளியானது. இதயத்தைக் காக்கும் தடுப்பூசி ஒன்று இருக்கிறது. குளிர்காலத்துக்கு முன்பே போட்டுக்கொள்ளத் தக்கது. இந்தியாவின் தேசியத் தடுப்பூசித் திட்டத்தில் அதற்கு இடமில்லை. பெரும்பாலும் தனியார் மருத்துவமனையில் பணம் கொடுப்போருக்கே அது கிடைக்கிறது. விடியலில் தெருக்கூட்டும் பெண்ணுக்கு அப்படியொன்று இருப்பதே தெரியாது. ஊசி மனிதரைக் கொல்கிறது என்ற கூச்சலில், இல்லாத ஊசியால் எத்தனை பேர் இறக்கின்றனர் என்ற கேள்வி கேட்கப்படாமலே போகிறது.

இந்திய அறிவியல் கழகமும், நிம்ஹான்சும், உயிரியல் ஆய்வு மையங்களும், மருத்துவக் கல்லூரிகளும் நிறைந்த ஊர் பெங்களூர். இங்கு எழுதப்படும் ஆய்வுகளில் எத்தனை கன்னடத்தில் ஒரு பக்கச் சுருக்கமாகவேனும் வெளிவருகின்றன? இந்நகரில் தலைமுறைகளாக வாழும் தமிழருக்கும், உருது பேசுவோருக்கும், தெலுங்கருக்கும் அவரவர் மொழியில் எத்தனை சென்று சேர்கின்றன? ஹாசன் விவகாரத்தின்போது மறுப்புகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் ஒலித்தன. அச்சம் வீட்டு மொழியிலேயே பரவிற்று. பதவி உயர்வுக்கு அயல்நாட்டு இதழ் போதும் என்றிருக்கும் வரை இந்நிலை மாறாது.

கோரிக்கைகள் மூன்றே. மருத்துவமனைக்கு வெளியே நேரும் ஒவ்வொரு திடீர் மரணமும் விசாரிக்கப்பட்டு, காரணம் பதிவாகி, அத்தரவு ஆய்வாளர் எவரும் காணுமாறு வெளியிடப்பட வேண்டும். ஹாசனுக்குப் பின் இத்தகைய அறிவிப்புகள் மாநில அரசின் வாயிலிருந்தே வந்தன. அவை நடைமுறையில் நிலைத்தனவா என்று பல்கலைக்கழகங்கள் தொடர்ந்து கேட்க வேண்டும். இரண்டாவதாக, முதியோர்க்கும், இதயநோயாளர்க்கும், வெட்டவெளியில் உழைப்போர்க்கும் குளிர்காலத்துக்கு முன்பே இன்புளுயன்சா தடுப்பூசி அரசுச் செலவில் கிடைக்க வேண்டும். மூன்றாவதாக, தடுப்பூசி ஆய்வு எதுவாயினும், அதன் நன்மையும் தீமையும் எண்களோடு மக்கள் மொழியில் வெளிவருவது ஆய்வின் ஒரு பகுதியாகவே கருதப்பட வேண்டும்.

இவை நிறைவேறாத வரை, அடுத்த மார்கழியிலும் குளிரைப் பற்றி நலம் விசாரிப்பதும் ஊசியின் மீது பழி சுமத்துவதும் தொடரும். தெருக்கூட்டும் பெண் விடியலில் மயங்கி விழுவார். அவர் ஊசி போட்டவரா என்று கேட்கப் பலர் இருப்பர். அவருடைய இரத்த அழுத்தத்தை அதுவரை எவரேனும் அளந்ததுண்டா என்று கேட்க ஒருவரும் இருக்கமாட்டார்.