லிங்கராஜபுரத்துப் பிள்ளைக்கு லெனின் எதற்கு?

"நம் பிள்ளைகள் எதற்காக ஐரோப்பாவின் சண்டைகளையும் ரஷ்யாவின் புரட்சியையும் மனப்பாடம் செய்ய வேண்டும்?" பாடச்சுமை பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் இக்கேள்வியும் உடன் எழுகிறது. கேட்பவர்கள் இதைத் தேசப்பற்றின் குரலாகவே முன்வைக்கின்றனர். பெங்களூரின் லிங்கராஜபுரத்தை முன்னிறுத்தியே இதற்கு விடை சொல்ல முடியும்.

தமிழும் கன்னடமும் ஆங்கிலமும் ஒரே தெருவில் புழங்கும் அப்பகுதியில், அடுத்தடுத்த வீட்டுப் பிள்ளைகள் மூவர் மூன்று பாடத்திட்டங்களில் படிப்பது புதிதன்று. அம்மூவருக்கும் வாய்ப்பவை மூன்று வெவ்வேறு இருபதாம் நூற்றாண்டுகள். 2006இல் வெளிவந்த என்.சி.இ.ஆர்.டி. 9ஆம் வகுப்பு வரலாற்று நூல் ரஷ்யப் புரட்சிக்கு ஓர் அத்தியாயமும் நாசிசத்துக்கு ஓர் அத்தியாயமும் ஒதுக்கியது. இரு உலகப் போர்களுக்கும் தனி அத்தியாயம் அதில் இல்லை. ஐ.சி.எஸ்.இ. 10ஆம் வகுப்பில் நிலைமை நேர்மாறு: இரு உலகப் போர்களும் அவற்றுக்கிடையே சர்வாதிகாரங்களின் எழுச்சியும் உண்டு, ரஷ்யப் புரட்சிக்குத் தனி இடமில்லை. கர்நாடக மாநிலப் பாடத்திட்டமோ இவை அனைத்தையும் 10ஆம் வகுப்பின் ஒரே பாடத்துக்குள் திணித்துவிடுகிறது. ஒரு பிள்ளைக்குப் போரில்லாத புரட்சி, மற்றொன்றுக்குப் புரட்சியில்லாத போர், மூன்றாம் பிள்ளைக்கு எல்லாவற்றிலும் ஒவ்வொரு சிட்டிகை.

மேல்நிலை வகுப்பின் கதை இன்னும் விசித்திரமானது. 2022இல் பாடச்சுமையைக் குறைக்கிறோம் என்ற பெயரில், 12ஆம் வகுப்பு அரசியல் அறிவியல் நூலிலிருந்து பனிப்போர்க் காலம் பற்றிய அத்தியாயம் நீக்கப்பட்டது. இப்போது அந்நூல் இருதுருவ உலகின் முடிவிலிருந்து தொடங்குகிறது. பிறப்பையும் வாழ்வையும் சொல்லாமல் கருமாதிக்கு மட்டும் அழைப்பிதழ் அனுப்புவது போன்றது இது. அதையும் படிப்பவர்கள் கலைப்பிரிவினர் மட்டுமே. அறிவியலுக்கும் வணிகவியலுக்கும் செல்லும் பெரும்பான்மையினருக்கு ஹிட்லரைப் பற்றியும் ஸ்டாலினைப் பற்றியும் பள்ளி சொல்லும் கடைசிச் சொல் 14 அல்லது 15 வயதோடு முடிந்துவிடுகிறது.

விளைவு வெளிப்படையானது. தமிழ் வீடுகளில் "எங்கப்பா ஒரு ஹிட்லர்" என்பது கண்டிப்பைக் குறிக்கும் செல்லக் குறை. மும்பையில் 2006இலும் அகமதாபாதில் 2012இலும் உணவகத்துக்கும் துணிக்கடைக்கும் அப்பெயரைச் சூட்ட வணிகர்கள் தயங்கவில்லை. கண்டனம் எழுந்த பின்னரே பெயர்கள் மாறின. அறுபது லட்சம் யூதர்களின் கொலை, "ஒழுங்கை நிலைநாட்டிய வலிய தலைவர்" என்ற பிம்பத்தின் பின்னே மறைந்துபோவது பாடம் இல்லாததால் அன்று. பாடம் இருக்கிறது. "நாசிசத்தின் சிறப்பியல்புகள் யாவை?" என்ற ஐந்து மதிப்பெண் வினாவுக்கு ஐந்து வரி விடையாக அது வற்றிக் கிடக்கிறது.

இந்த வறட்சிக்கு ஓர் எடுத்துக்காட்டு போதும். அதே 9ஆம் வகுப்பு வரலாற்று நூல், சோவியத் கூட்டுப்பண்ணைக் காலத்தில், 1930–33 விளைச்சல் பொய்த்ததை அடுத்து வந்த பஞ்சத்தில் 40 லட்சத்துக்கும் மேற்பட்டோர் மடிந்ததைச் சொல்கிறது. அதே மாணவர் சுமக்கும் பொருளியல் நூலின் உணவுப் பாதுகாப்பு அத்தியாயம், 1943 வங்கப் பஞ்சத்தில் 30 லட்சம் பேர் மாண்டதைச் சொல்கிறது. இரு நூல்களும் ஒரே பையில், ஒரே கல்வியாண்டில். ஒன்றில் தன் குடியானவனிடமிருந்தே தானியத்தைப் பறித்த அரசு. மற்றொன்றில் போரைக் காரணம் காட்டிக் குடியேற்ற நாட்டைப் பட்டினியிட்ட அரசு. விளைச்சல் குறைவு மட்டுமே பஞ்சமாகிவிடாது என்பதை விளக்க இதைவிட நல்ல வாய்ப்பு ஒரு ஆசிரியருக்குக் கிடைக்குமா? ஆயினும் வரலாற்றுக்கு ஒரு தேர்வு நாள், பொருளியலுக்கு வேறொரு பாடவேளை. இரண்டையும் இணைத்துக் கேட்கும் வினா எந்த வினா வங்கியிலும் தென்படுவதில்லை.

இனி, அந்நிய வரலாறு என்ற வாதம். லிங்கராஜபுரத்திலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில், அல்சூர் ஏரியை ஒட்டி மெட்ராஸ் சாப்பர்ஸ் படைப்பிரிவின் தலைமையகம் இருக்கிறது. அப்பிரிவின் சுபேதார் சுப்பிரமணியன் 1944 பிப்ரவரியில் இத்தாலியின் மிக்னானோ அருகே, உடனிருந்தோரைக் காக்கக் கண்ணிவெடியின்மேல் விழுந்து உயிர்நீத்தார். அவருக்கு ஜார்ஜ் கிராஸ் வழங்கப்பட்டது. அதே போரின்போது, வட ஆப்பிரிக்காவில் பிடிபட்ட இத்தாலியப் போர்க்கைதிகள் பெங்களூரின் ஜாலஹள்ளியில் அடைத்துவைக்கப்பட்டிருந்தனர். தமிழர் இத்தாலியில் மடிய, இத்தாலியர் பெங்களூரில் சிறையிருந்த ஒரு போரை "அவர்களுடைய சண்டை" என்று எவ்வாறு ஒதுக்குவது? இந்த நகரத்தின் விமானத் தொழிலே 1940இல், அப்போரின் நடுவே தோன்றியதுதான்.

ரஷ்யாவைத் தமிழர் அறிந்துகொள்ளப் பாடநூலுக்காகக் காத்திருக்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். ஜாரின் வீழ்ச்சியைப் பாரதி பாடினார். சிங்காரவேலர் 1923இல் சென்னையில் மே நாள் கொண்டாடினார். பெரியாரின் 'குடி அரசு' 1931இல் கம்யூனிஸ்ட் அறிக்கையைத் தமிழில் வெளியிட்டது. மறு ஆண்டு அவரே சோவியத் நாட்டைச் சுற்றிப் பார்த்தார். சிறையிலிருந்த நேரு தம் பதின்வயது மகளுக்கு எழுதிய உலக வரலாற்றுக் கடிதங்களில் ரஷ்யப் புரட்சியும் இடம்பெற்றது. "இந்த வயதுக்கு இது அதிகம்" என்று அவர் எண்ணவில்லை. இன்று அவ்வாறு எண்ணுபவர்கள், பிள்ளைகளின் அறிவைக் குறைத்து மதிப்பிடுகிறார்களா, அல்லது வலிய தலைவர்களைப் பற்றிப் பிள்ளைகள் கேட்கக்கூடிய கேள்விகளுக்கு அஞ்சுகிறார்களா?

செய்ய வேண்டியது பெரிய சீர்திருத்தமன்று. மூன்று பாடத்திட்டங்களும் 1914 முதல் 1945 வரையிலான காலத்தை ஒரே தொடர்ச்சியாக, இந்தியப் படைவீரரையும் வங்கத்துப் பட்டினியையும் உள்ளடக்கிக் கற்பிக்க வேண்டும். நீக்கிய பனிப்போர் அத்தியாயத்தைத் திரும்பச் சேர்க்க வேண்டும். வினாத்தாளில் "காரணங்கள் யாவை" என்பதற்குப் பதிலாக, 1933இல் வாழ்ந்த ஜெர்மானியத் தபால்காரர் ஒருவர் ஏன் வாய் திறக்கவில்லை என்று ஒரே ஒரு வினா இடம்பெறட்டும். அதற்கு விடைக்குறிப்பு எழுதுவது தேர்வுத் துறைக்குச் சற்றுக் கடினமாகத்தான் இருக்கும்.