முகப்பூச்சுக்கும் கிராம் கணக்கு உண்டு

சன்ஸ்கிரீன் குழாய் ஒன்று 50 கிராம். அளவாகப் பூசினால் எத்தனை நாள் வரும்? ஆட்காட்டி விரலிலும் நடுவிரலிலும் அடி முதல் நுனி வரை ஒவ்வொரு கோடு பிதுக்கினால், அதுதான் முகத்துக்கும் கழுத்துக்கும் ஒரு வேளை அளவு. ஒரு கிராமுக்குச் சற்று மேல். தினம் ஒரு வேளை என்றாலே ஒன்றரை மாதத்துக்குள் குழாய் காலியாக வேண்டும். பல வீடுகளில் அது ஆறு மாதம் வருகிறது. விலை அதிகம் என்பதாலேயே பட்டாணி அளவு எடுத்துத் தேய்த்துக்கொள்கிறோம்.

பணம் வீணாவது இங்கேதான். அட்டையில் உள்ள எஸ்பிஎஃப் எண், சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் வீதம் பூசிச் சோதித்துப் பெற்றது. அதில் கால் பங்கைப் பூசுபவருக்கு அந்த எண்ணின் பாதுகாப்பு கிட்டவே கிட்டாது. எஸ்பிஎஃப் 30 புறஊதா-பி கதிர்களில் சுமார் 97 விழுக்காட்டைத் தடுக்கிறது. 50 தடுப்பது 98. அந்த ஒரு விழுக்காட்டுக்குக் கூடுதலாகக் கொடுத்துவிட்டுக் கஞ்சத்தனமாகப் பூசுவதைவிட, 30ஐ வாங்கித் தாராளமாகப் பூசலாம். 400 ரூபாய்க் குழாயை ஒன்றரை மாதத்தில் தீர்த்தால் நாளுக்கு ஒன்பது ரூபாய் ஆகிறது. டீக்கடையில் ஒரு டீ அதைவிட அதிகம். தாராளமாகப் பூச மனம் வராத விலையில் எந்த சன்ஸ்கிரீனும் வேண்டாம் என்பதே என் கட்சி.

எஸ்பிஎஃப் முக்கியமாகச் சொல்வது புறஊதா-பி கதிரைப் பற்றி. நம் சருமம் கறுப்பதில் புறஊதா-ஏ கதிருக்குப் பெரும் பங்கு உண்டு. அதற்கு ‘பிஏ’ என்ற எழுத்துகளுக்குப் பக்கத்தில் எத்தனை கூட்டல் குறி இருக்கிறது என்று பார்க்க வேண்டும். கன்னத்தில் மங்கு படர்ந்தவர்களுக்குக் கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமும் ஆகாது. இரும்பு ஆக்சைடு கலந்த, லேசாக நிறமேற்றிய சன்ஸ்கிரீனுக்குக் கூடுதல் செலவு செய்ய நியாயம் இருப்பது இவர்களுக்குத்தான்.

ஃபேஸ் வாஷ் அரை நிமிடம் முகத்தில் இருந்துவிட்டுச் சாக்கடைக்குப் போவது. அதில் வைட்டமின் சி இருந்தால் என்ன, தங்கபஸ்பம் இருந்தால் என்ன? சருமத்தை இறுக்காத, மணம் குறைந்த மலிவானது ஒன்று போதும். வறண்ட சருமத்துக்குக் கிளிசரின் கலந்த சாதாரண மாய்ஸ்சரைசர். பெட்டியில் ‘யூனிட் சேல் பிரைஸ்’ என்று ஒரு கிராமின் விலை அச்சிடப்பட்டிருக்கும். பெரிய எழுத்து விலையை விட்டு அதை ஒப்பிட வேண்டும்.

சேர்மானப் பட்டியலிலும் ஒரு சூட்சுமம் உண்டு. அதிகம் உள்ளது முதலில் வரும். ஒரு விழுக்காட்டுக்குக் கீழே உள்ளவை எந்த வரிசையிலும் வரலாம். கெடாமல் காக்கச் சேர்க்கும் ஃபீனாக்ஸிஎத்தனால் பொதுவாக ஒரு விழுக்காட்டைத் தாண்டாது. முன்பக்கப் படத்தில் பூத்துக் குலுங்கும் குங்குமப்பூ, பட்டியலில் அதற்குப் பின்னால் நின்றால் எவ்வளவு இருக்கும் என்று ஊகிக்கலாம். ரெட்டினால் போலச் சிறு அளவிலேயே வேலை செய்பவை இதற்கு விதிவிலக்கு.

இவ்வளவு கணக்கும் தோற்றுப்போகும் இடம் ஒன்று இருக்கிறது. 1975இல் சந்தைக்கு வந்த ‘ஃபேர் அண்ட் லவ்லி’ 2020இல் பெயரை மாற்றிக்கொண்டது. ஆனால், வெளுக்க வேண்டும் என்ற ஆசைக்கு இப்போது மருந்துக் கடையிலேயே சரக்கு கிடைக்கிறது. பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன் என்ற ஸ்டீராய்டுகள் கலந்த பூச்சுகளில் பலவற்றுக்கு நூறு ரூபாய்கூட ஆகாது. சில நாள்களில் பரு அடங்கும், முகம் பளிச்சென்று ஆகும். மலிவு, உடனடிப் பலன் என்று கையைக் கடிக்காமல் வாங்க நினைப்பவர் தேடும் இரண்டும் ஒருசேரக் கிடைப்பது இதில்தான். மாதக்கணக்கில் பூசிவிட்டு நிறுத்தினால் எரிச்சல், சிவப்பு, முன்பைவிட மோசமான பரு. தோல் மெலியும், சிலருக்கு முடி முளைக்கும். தாங்க முடியாமல் மறுபடி அதே குழாயை வாங்குவார்கள். இப்படிக் கெட்டுப்போன முகத்துக்கென்றே இந்தியத் தோல் மருத்துவர்கள் ஒரு நோய்ப்பெயர் வைக்க வேண்டியதாயிற்று.

அடையாளம் தெரியாத வெளுப்புப் பூச்சுகளின் கதை இன்னும் மோசம். 2023இல் கேரளத்தின் கோட்டக்கல்லில் சிறுநீரகப் பாதிப்போடு வந்த சிலரை விசாரித்தபோது, அவர்கள் இத்தகைய பூச்சுகளைப் பயன்படுத்தியது தெரியவந்தது, காரணம் பாதரசம். இறக்குமதிப் பூச்சு என்றால் ‘ஆர்சி’ பதிவு எண்ணும் இறக்குமதியாளர் முகவரியும் அட்டையில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் தொடக்கூடாது.

முறையான சிகிச்சை அப்படியொன்றும் விலை அதிகமில்லை, மெதுவானது, அவ்வளவுதான். பருவுக்கு பென்சாயில் பெராக்சைடு 2.5 விழுக்காடே போதும். 10 விழுக்காட்டில் எரிச்சல்தான் கூடும். பலன் தெரிய எட்டு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் தோல் பிரிவில் காசில்லாமல் பார்த்துக்கொள்ளலாம். காத்திருக்கும் நேரம் மட்டும்தான் செலவு. தினக்கூலிக்காரருக்கு அதுவும் ஒரு நாள் சம்பளம் என்பதால்தான் அவர் மருந்துக் கடைக்குப் போகிறார்.

2018இல் மத்திய அரசு இந்த ஸ்டீராய்டு பூச்சுகளை அட்டவணை ‘எச்’சின் கீழ்க் கறாராகக் கொண்டுவந்தது. மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்பது குற்றம். சட்டம் இருந்தும் கவுண்டரில் பெயர் சொன்னாலே பல கடைகளில் கிடைக்கிறது. குழாயில் எச்சரிக்கை இருக்கிறது, ஆங்கிலத்தில், பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கும் அளவில். மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை கடைகளின் விற்பனை ரசீதுகளைச் சீட்டுகளோடு ஒப்பிட்டுப் பார்க்கட்டும். “முகத்துக்குப் பூச ஸ்டீராய்டு கேட்காதீர்கள்” என்ற தமிழ் அறிவிப்பைக் கவுண்டர் கண்ணாடியில் ஒட்டச் சொல்ல ஒரு சுற்றறிக்கை போதும்.