செல்லுக்குச் சாவே இல்லை!

கடிகாரம் நின்றால் பென்சில் செல்லைத் தூக்கி எறிகிறோம். ரிமோட் மக்கர் பண்ணினால், நாலு தட்டு தட்டி, பல்லால் கடித்துப் பார்த்து, அப்புறம் எறிகிறோம். அந்த செல் சாகவில்லை சார்! ஒன்றரை வோல்ட் ஒரு வோல்ட்டாக இறங்கியிருக்கும், அவ்வளவுதான்.

"எறியாதீங்க அங்கிள், எனக்குக் கொடுங்க" என்று வாங்கிப் போனாள், நடுவட்டத்தில் எங்கள் பக்கத்து வீட்டு ப்ளஸ் டூ பெண். இரண்டே நாளில் சோப்பு டப்பாவுக்குள் ஒரு டார்ச்!

வெள்ளை எல்.ஈ.டி. எரிய சுமார் 3 வோல்ட் வேண்டுமே? அங்கேதான் தில்லுமுல்லு. ஃப்யூஸ் போன சி.எஃப்.எல். பல்புக்குள் சின்னதாக ஒரு ஃபெரைட் வளையம் இருக்கும். அதில் இரண்டு மெல்லிய கம்பிகளைச் சேர்த்து, பத்துப் பதினைந்து சுற்று. ஒரு பி.சி.547 டிரான்சிஸ்டர், ஒரு 1 கிலோ ஓம் ரெசிஸ்டர். தீர்ந்தது. டிரான்சிஸ்டர் நொடிக்குப் பல்லாயிரம் தடவை மின்சாரத்தை விட்டு விட்டு நிறுத்துகிறது. நிறுத்தும்போதெல்லாம் கம்பிச்சுருள் கோபித்துக்கொண்டு, சேர்த்து வைத்ததை அதிக வோல்ட்டேஜில் கக்குகிறது. விளக்கு சிமிட்டுவது கண்ணுக்குத் தெரியாது. எரியாவிட்டால், ஒரு சுருளின் இரண்டு முனைகளையும் மாற்றிப் போட்டால் போதும்.

1999 நவம்பரில் 'எவ்ரிடே பிராக்டிகல் எலெக்ட்ரானிக்ஸ்' என்ற பிரிட்டிஷ் பத்திரிகையில் கப்பார்னிக் என்பவர் வெளியிட்ட சர்க்யூட் இது. பின்னால் ஒட்டிக்கொண்ட பெயர் 'ஜூல் தீஃப்'. 1967-ல் தேவ் ஆனந்த் நடித்த இந்திப் படம் வேறு; இவன் திருடுவது நகையை அல்ல, ஜூலை!

விளையாட்டுக்காக அவள் செய்யவில்லை. அம்மாவுக்குத் தோட்ட வேலை. பஜாரில் சாமான் வாங்கிக்கொண்டு லயத்துக்குத் திரும்புவதற்குள் இருட்டிவிடும். பனிமூட்டம் இறங்கினால் பெரிய டார்ச் வெளிச்சம் மூட்டத்தில் பட்டு நம் கண்ணையே கூச வைக்கும். சின்ன வெளிச்சத்தை முழங்காலுக்குக் கீழே பிடித்தால் பாதை தெரியும். முக்கியமாக, செல் வாங்கக் காசில்லை என்று விளக்கை அணைத்து அணைத்து மிச்சம் பிடிக்க வேண்டாம்.

"காட்டெருமை நின்னா தெரியுமாம்மா?" என்று கேட்டேன்.

"அதெங்க சார் தெரியும்? அதுக்குத்தான் சத்தமாப் பேசிக்கிட்டே வர்றோம். இது கால் வைக்கிற இடத்துக்கு."

கண்டுபிடிப்பின் எல்லையை அந்த அம்மா அளந்து வைத்திருக்கிறார். ஒரு எச்சரிக்கை: செல் ஒழுக ஆரம்பித்தால் உடனே கழற்றிவிடுங்கள். திருடவும் ஒரு அளவு உண்டு.