அடிபட்ட கோழிக்கு வீட்டில் ஒரு மூலை

நாய் கவ்விய கோழியை என்ன செய்வது என்ற கேள்விக்கு நம் கிராமங்களில் பெரும்பாலும் ஒரே விடைதான் உண்டு. அன்று இரவே குழம்பு. முட்டையிடும் பெட்டையானாலும், பத்துக் குஞ்சுகளுக்குத் தாயானாலும் இதே கதிதான். பிழைக்காது என்று பார்த்த மாத்திரத்தில் முடிவு கட்டிவிடுகிறார்கள். இது அவசர முடிவு.

நாட்டுக்கோழி ஒன்று ஆண்டுக்கு 60, 70 முட்டைகள் இடும். இரண்டு மூன்று முறை அடைகாத்துக் குஞ்சு பொரிக்கும். இந்தக் கோழிக்காசு பெரும்பாலும் வீட்டுப் பெண்களின் கைக்காசு. பிள்ளையின் நோட்டுப் புத்தகமும் அவசரப் பஸ் செலவும் இதிலிருந்துதான் வருகின்றன. நல்ல தாய்க்கோழி ஒன்றை இழந்தால், அடுத்த பெட்டை அந்தப் பருவத்துக்கு வர ஆறேழு மாதங்கள் காத்திருக்க வேண்டும். அதைக் காப்பாற்ற ஆகும் செலவோ கொஞ்சம் கஞ்சியும் பத்து நாள் கவனிப்பும்தான்.

அடிபட்ட கோழியை மற்றக் கோழிகளோடு விடுவதுதான் முதல் தவறு. இரத்தச் சிவப்பைக் கண்டால் மற்றவை கொத்தும். சிறு காயம் ஒரே நாளில் பெரும் புண்ணாகிவிடும். வெளியில் கட்டிப்போட்டால் ஈ மொய்த்து, ஓரிரு நாளில் புழு வைத்துவிடும். ஆகவேதான் வீட்டுக்குள் ஒரு மூலை தேவைப்படுகிறது. சமையலறை ஆகாது. தாழ்வாரத்திலோ சாமான் அறையிலோ உமியைப் பரப்பி, அதன்மேல் பழைய சாக்கை விரித்து, பஞ்சாரத்தால் மூடி வைக்கலாம். சாக்கைத் தினமும் மாற்ற வேண்டும். அடிபட்ட கோழி குளிர் தாங்காது. மழைக்காலமானால் ஒரு பக்கமாக 40 வாட் பல்பு ஒன்றைத் தொங்கவிடுவது நல்லது. சூடு அதிகமானால் கோழி மறுபக்கம் நகர்ந்துகொள்ள இடம் இருக்க வேண்டும்.

காயத்தைச் சுற்றியுள்ள இறகுகளைப் பிடுங்கக் கூடாது, கத்தரிக்க வேண்டும். கொதித்து ஆறிய அரை லிட்டர் நீரில் ஒரு சிறு கரண்டி உப்பிட்டு, அதனால் காயத்தைக் கழுவி, மஞ்சள்தூளை வேப்பெண்ணெயில் குழைத்துத் தடவலாம். மண்ணெண்ணெய் ஊற்றும் பழக்கம் சில ஊர்களில் இன்னும் இருக்கிறது. அது புண்ணை எரித்து, ஆறவிடாமல் செய்யும். குடல் தெரியும்படி வயிறு கிழிந்திருந்தால் கைவைத்தியம் உதவாது; உடனே கால்நடை மருத்துவரிடம் கொண்டு போக வேண்டும். மனிதருக்கு வாங்கிய மாத்திரையைப் பாதியாக உடைத்து ஊட்டுவதும் வேண்டாம்.

அடிபட்டுத் தப்பிய கோழிகளில் பல, பிறகு நீரின்றியே சாகின்றன. ஒரு லிட்டர் நீருக்கு ஆறு சிறு கரண்டி சர்க்கரையும் அரைக் கரண்டி உப்பும் கலந்து வைத்தால் முதல் நாளைத் தாண்டிவிடும். ஆனால் அலகைப் பிளந்து நீரை ஊற்றக் கூடாது. நாக்கின் அடியில்தான் மூச்சுக்குழலின் வாய் இருக்கிறது; நீர் நுரையீரலுக்குள் போய்விடும். அலகின் ஓரத்தில் சொட்டுச் சொட்டாக விட்டால் கோழி தானே விழுங்கிக்கொள்ளும். மறுநாள் முதல் குருணைக் கஞ்சியோ கேழ்வரகுக் கூழோ சிறிது சிறிதாகக் கொடுக்கலாம். காலையில் தீனிப்பையைத் தொட்டுப் பார்க்க வேண்டும். முந்தைய நாள் இரை கரையாமல் நிறைந்திருந்தால் மேலும் ஊட்டக் கூடாது.

இறகில்லாத கீழ்க்கால் ஒடிந்திருந்தால் மூங்கில் சிம்பு வைத்துத் துணியால் கட்டினால் மூன்று வாரத்தில் கூடிவிடும். விரல்கள் வீங்கினால் கட்டு இறுக்கம் என்று பொருள். தொடை எலும்பு ஒடிந்ததைக் கட்டி நிறுத்த முடியாது.

இவ்வளவும் காயம் பட்ட கோழிக்குத்தான். நோய்க்கோழியின் கதை வேறு. பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்து, மூச்சுத் திணறி, கழுத்தைத் திருகிக்கொண்டு நிற்கும் கோழிக்கு இராணிக்கெட் என்னும் வெள்ளைக்கழிச்சல் என்று சந்தேகிக்க வேண்டும். இந்தியாவில் 1927-இல் குமாவுன் மலையிலுள்ள இராணிக்கெட்டில் கண்டறியப்பட்டதால் வந்த பெயர் இது. இதைக் குணப்படுத்தும் மருந்து கிடையாது. அந்தக் கோழியை வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது. நடமாட்டமில்லாத இடத்தில் தனியாக வைத்து, மற்றக் கோழிகளைக் கவனித்த பிறகு கடைசியாக அதனிடம் சென்று, கைகால் கழுவிவிட்டு வர வேண்டும். நோய் கிருமி செருப்பிலும் தண்ணீர்த் தட்டிலும் ஒட்டிக்கொண்டு வரும்.

இங்கே இன்னொரு பழக்கத்தையும் கண்டிக்க வேண்டியிருக்கிறது. ஒன்றிரண்டு கோழிகள் தூங்கி விழுந்தவுடன் மீதியைச் சந்தையில் தள்ளிவிடுகிறார்கள். விற்றவருக்கு இருநூறோ முந்நூறோ கிடைக்கிறது. வாங்கியவர் ஊரில் பஞ்சாரங்கள் காலியாகின்றன. அவரும் சிறு விவசாயிதான். செத்த கோழிகளைச் சுண்ணாம்பு தூவி ஆழப் புதைக்க வேண்டும். ஒரே சமயத்தில் பல கோழிகள் செத்தால் கால்நடை மருந்தகத்துக்குத் தகவல் தர வேண்டும். கழிச்சலுக்கான தடுப்பூசி முகாம் ஆண்டுதோறும், வழக்கமாகப் பிப்ரவரியில், கிராமங்களில் நடக்கிறது. அன்று விடியற்காலையில் கோழிகளைத் திறந்துவிடாமல் வைத்திருந்தாலே பாதி வேலை முடிந்தது.

காயம் ஆறிய கோழியைத் திடீரென்று கூட்டத்தில் விட்டால் மற்றவை அந்நியமாகக் கருதி விரட்டும். இரண்டு நாள் பகலில் முற்றத்தில் பஞ்சாரத்துக்குள் வைத்து மற்றவற்றின் கண்ணில் படச் செய்து, மூன்றாம் நாள் பொழுது சாய்ந்து அவை அடைந்த பிறகு பக்கத்தில் விட்டுவிட வேண்டும்.