வட்டிக்குரிய நாட்களை எண்ணும் முறை

சங்க அங்கத்தினர்களாகிய நாம் வட்டி விகிதத்தைப் பற்றி விவாதிக்கும் அளவிற்கு, வட்டிக்குரிய நாட்களைப் பற்றி விவாதிப்பதில்லை. விகிதம் சரியாக இருந்தும் நாட்கணக்கு பிழைபடுமாயின், தொகையும் பிழைபடும். தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கங்களுள் 63,000 சங்கங்களைக் கணினிமயமாக்க மத்திய அரசு 2022ஆம் ஆண்டில் ஒப்புதல் அளித்தது. பேரேட்டைப் பார்த்து விரல்விட்டு எண்ணிய வேலையை இன்று பல அலுவலகங்களில் எக்செல் போன்ற விரிதாள்கள் செய்கின்றன. அவை எண்ணும் விதத்தை நாமும் அறிந்திருத்தல் அவசியம்.

எக்செல், 1900 ஜனவரி 1ஆம் தேதியை 1 எனக் கொண்டு ஒவ்வொரு தேதிக்கும் ஒரு தொடர் எண்ணை வைத்திருக்கிறது. 10-6-2024 அதற்கு 45,453. 20-3-2025 அதற்கு 45,736. பின்னதிலிருந்து முன்னதைக் கழித்தால் 283 நாட்கள். இதில் கடன் பெற்ற நாளும் செலுத்திய நாளும் ஆகிய இரண்டில் ஒன்றே சேரும்; இரண்டையும் சேர்த்தால் 284. டேஸ்360 என்னும் சூத்திரமோ மாதத்திற்கு 30 நாள் என வைத்து 280 எனக் கூறும். மூன்றும் இயந்திரத்திற்குச் சரியான விடைகளே. சங்கத்திற்கோ ஒன்றே விடையாதல் வேண்டும்.

ரூ. 50,000 கடனுக்கு 7 சத வட்டியெனில், ஒரு நாள் வட்டி ரூ. 9.59. இது அற்பமெனத் தோன்றலாம். இத்தகைய கடன் பெற்றோர் 400 பேர் எனில், அந்த ஒரு நாளின் தொகை சுமார் ரூ. 3,836 ஆகிவிடும்.

இதனினும் பெரிய இடர் ஒன்றுண்டு. கணினி அமெரிக்க வழக்கப்படி அமைந்திருப்பின், 5-6-2024 என நாம் எழுதும் ஜூன் 5ஆம் தேதியை அது மே 6 எனக் கொள்ளும். முப்பது நாள் வட்டி, அதாவது ஏறத்தாழ ரூ. 288, அங்கத்தினர் தலையில் விழும். 18-6-2024 என எழுதினால், பதினெட்டாம் மாதம் இல்லாமையால் பிழை வெளிப்பட்டுவிடும். மாதத்தின் முதல் பன்னிரண்டு தேதிகளிலோ அது மறைந்தே கிடக்கும்.

‘இவையெல்லாம் கணக்கரின் பொறுப்பல்லவா?’ எனச் சிலர் வினவக்கூடும். எந்த நாளைச் சேர்ப்பது, எதை விடுப்பது என்று சங்கம் தீர்மானித்துக் கொடாதபோது, கணக்கரைக் குறை கூறுவது நியாயமாகாது. கடன் கொடுக்கும் சங்கமும் நம்முடையது. கடன் பெறுவோரும் நாமே. இரு பக்கத்திற்கும் பொதுவான அளவுகோலை வகுப்பது பொதுக்குழுவின் கடமை.

ஆகவே, பயிர்க்கடனாயினும் நூல் கடனாயினும், சங்கத்தின் துணைவிதிகளுக்கு இணங்க, கடன் பெற்ற நாளை விடுத்துச் செலுத்திய நாளைச் சேர்ப்பதென ஒரே முறையைத் தீர்மானமாக நிறைவேற்றுவோம். தேதியில் மாதத்தின் பெயரை எழுத்தால் எழுதச் செய்வோம். முக்கியமாக, ஒவ்வொரு ரசீதிலும் வட்டித் தொகையின் அருகே நாட்களின் எண்ணிக்கையையும் குறிக்கக் கோருவோம். அந்த எண் கண்முன் இருக்குமாயின், வீட்டு நாட்காட்டியைக் கொண்டே எந்த அங்கத்தினரும் கணக்கைச் சரிபார்த்துக்கொள்ளலாம்.