கடல் கடந்த மேடையில் நம் ஊர்

அயல்நாட்டில் பயிலும் மாணவர் அங்குள்ள தொண்டுச் சங்கத்தின் மாநாட்டிற்கு அழைக்கப்பெற்றுத் தம் நாட்டைப் பற்றிப் பேசுவது முக்கால் நூற்றாண்டுக்கும் மேலாக நிலவிவரும் வழக்கமாகும். 1905ஆம் ஆண்டு சிகாகோ நகரில் ரோட்டரி சங்கத்தைத் தோற்றுவித்த பால் ஹாரிஸ் 1947 சனவரியில் மறைந்தார். அவர் நினைவாகக் குவிந்த நன்கொடையால் அவ்வாண்டிலேயே 18 மாணவர்கள் அயல்நாடுகளுக்கு அனுப்பப்பெற்றனர். பின்னாளில் தூதர் உதவித்தொகை எனப் பெயர் பெற்ற அத்திட்டத்தில், தேர்வில் வெல்வதோடு மாணவரின் கடமை முடிந்துவிடவில்லை. வணிகரும் மருத்துவரும் வழக்கறிஞரும் கூடும் சங்கக் கூட்டங்களில் அவர் தம் மக்களின் தூதராகவும் நின்று பேச வேண்டியிருந்தது.

ஜப்பானிய அம்மையார் சதாகோ ஒகாதா 1951இல் ரோட்டரி உதவித்தொகை பெற்று அமெரிக்காவின் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தில் பயின்றவர். அவர் 1991 முதல் 2000 வரை ஐக்கிய நாடுகளின் அகதிகள் உயர் ஆணையராகத் திகழ்ந்தார். உதவித்தொகையே அவரை உயர்த்தியது என்று யாம் கூறவில்லை. எனினும், அந்நியர் நடுவே தம் மக்களுக்காகப் பேசும் பயிற்சி இளமையில் வாய்ப்பது பெரும்பேறு என்பதில் ஐயமில்லை.

2013ஆம் ஆண்டில் அப்பழைய திட்டம் முடிவுற்று, உலகளாவிய மானியம் என்னும் புதிய முறை நடைமுறைக்கு வந்தது. இதன்வழி மேற்படிப்பு பயில விரும்புவோர் அமைதி, நோய்த் தடுப்பு, நீரும் துப்புரவும், தாய்சேய் நலம், அடிப்படைக் கல்வி, சமுதாயப் பொருளாதாரம், சுற்றுச்சூழல் ஆகிய ஏழனுள் ஒன்றைச் சார்ந்தே பயில வேண்டும். ஆகவே, மேடையேறும் மாணவரிடம் இன்று அவையோர் எதிர்பார்ப்பது நாட்டுப் பெருமை மட்டுமன்று. அவர் ஊரின் துன்பம் யாது, அதற்கு மருந்து யாது என்பதுமாகும்.

ஓசூரிலிருந்தோ கிருட்டினகிரியிலிருந்தோ அவ்வாறு செல்லும் மாணவர் என்ன பேசுவார்? மாங்கனியின் சுவையைப் பேசலாம். மூதறிஞர் இராசாசி பிறந்த தொரப்பள்ளியைப் பேசலாம். சிப்காட் வளாகங்களையும், அவற்றில் உருவாகும் ஊர்திகளையும் கடிகாரங்களையும் பேசலாம். தமிழும் தெலுங்கும் கன்னடமும் உருதும் ஒரே கடைத்தெருவில் ஒலிப்பதைப் பேசலாம். இவையனைத்தும் உண்மையே. ஆனால் தென்பெண்ணையை மறைத்துவிட்டு இவற்றை மட்டும் பேசுவது முறையாகுமா? கருநாடகத்தின் நந்தி மலையில் பிறந்து வரும் அவ்வாறு, பெங்களூருப் பெருநகரின் கழிவுகளைச் சுமந்தே நம் எல்லைக்குள் நுழைகிறது. ஓசூரை அடுத்த கெலவரப்பள்ளி அணையில் அண்மை ஆண்டுகளில் பன்முறை வெண்ணுரை மலைபோல் பொங்கியதை நாடறியும். அந்நீரை நம்பியே கீழ்ப்பகுதி உழவர் பயிரிடுகின்றனர்.

வீட்டுக் குறையை வெளியில் சொல்லலாகாது என்பர் சிலர். விருந்தினராகச் சென்ற இடத்தில் நாட்டின் மானத்தைக் காப்பதே பண்பு என்பது அவர்தம் வாதம். அவ்வுணர்வை யாம் மதிக்கிறோம். ஆயினும், நோயை மறைத்துக்கொண்டு மருத்துவம் பயில்வது எங்ஙனம்? அண்டை மாநிலத்தைத் தூற்றாமலும், நம் பக்கத் தவறுகளை மறைக்காமலும், ஒரே ஆற்றின் நீரை இரு மாநிலத்தாரும் பருகுகிறோம் என்று எடுத்துரைப்பதில் மானக்கேடு ஏதுமில்லை.

இதற்கு நம் கல்லூரிகள் இப்போதே மாணவரை ஆயத்தப்படுத்த வேண்டும். பத்து மணித்துளிகளில் தம் ஊரைப் பற்றிப் பிழையின்றியும் மிகையின்றியும் முதலில் தமிழிலும் பின்னர் ஆங்கிலத்திலும் பேசும் பயிற்சியைத் தமிழ்த்துறைகள் அளிக்கலாம். சமுதாயப் பெரியோர்க்கும் ஒரு வேண்டுகோள்: அயல்நாடு சென்று மீளும் மாணவருக்குப் பொன்னாடை போர்த்துவதோடு நின்றுவிடாதீர்கள். அங்கு ஆற்றிய உரையை இங்குள்ள உழவரும் ஆலைத் தொழிலாளரும் கேட்க மீண்டும் ஒருமுறை ஆற்றச் செய்யுங்கள். கற்ற மருந்தில் எது கெலவரப்பள்ளிக்குப் பொருந்தும் என்று அவர்கள் அவரை வினவட்டும்.